சபைத் தலைமைத்துவம்: புதிய ஆயர்களும் கமிட்டி அங்கத்தினர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆயர்களுக்கும் சேகர (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதி) கமிட்டி அங்கத்தினர்களுக்கும் நடத்தப்படும் பயிற்சி முகாம்களில், வகுப்பில் எழும் கேள்விகளைவிட மதிய உணவுக்குப் பின் தனியே வந்து கேட்கப்படும் கேள்விகளே அதிகம். ஊரும் ஆளும் மாறினாலும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற, பேராயரின் கீழ் இயங்கும் திருமண்டல அமைப்புக்குள் இருக்கும் சேகரங்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சுயாதீன சபைகளுக்கான கேள்வி ஒன்று பிற்பகுதியில் தனியாக உள்ளது. விதிகள் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும் என்பதால், உங்கள் திருமண்டல அமைப்புச் சட்டத்தை ஒருமுறையாவது முழுமையாக வாசித்துவிடுங்கள்.

1. ஐயா, வசனம் சொல்லத்தான் ஆண்டவர் என்னை அழைத்தார். நிர்வாகம் பார்ப்பதும் என் வேலையா?

ஆம், உங்கள் வேலைதான். இல்லை என்பதற்கு அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைச் சான்று காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே அப்போஸ்தலர்கள் பந்தி விசாரிப்பை இழிவான வேலை என்று ஒதுக்கவில்லை. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டுப் போகிறார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தவுடன், சபையாரை வரவழைத்து, நற்சாட்சியும் ஆவியின் நிறைவும் ஞானமும் உள்ள ஏழு பேரைச் சபையே தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனித்தால், குறைபட்ட பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது.

உணவுப் பங்கீட்டில் ஏற்பட்ட குறை மொழிப் பிரிவினையாக வளரவிருந்தது. ஒரு நல்ல ஏற்பாடு அதைத் தடுத்தது. சபையில் பல சண்டைகள் உபதேசத்தால் வருவதில்லை. கணக்கு வாசிக்கப்படாததாலும், முடிவு சொல்லப்படாததாலும், யாரோ ஒருவரை விசாரிக்காமல் விட்டதாலும் வருகின்றன. இவற்றைச் சரியாக வைத்திருப்பது ஆத்தும விசாரிப்பின் ஒரு பகுதியே.

2. புதிய சேகரத்தில் பொறுப்பேற்றதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பொறுப்பேற்கும் நாளில் பட்டியல் எழுதி வாங்குங்கள்: ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள், தீர்மானப் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகங்கள், நிலப் பத்திரங்களின் நகல்கள், திருவிருந்துப் பாத்திரங்கள், சாவிகள். இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். முந்தைய ஆயர் உங்கள் நண்பராகவே இருந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள். நட்பு கெடாமல் இருப்பதற்கே இந்தப் பட்டியல்.

அதன் பிறகு சில மாதங்களுக்கு ஆராதனை நேரத்தையோ பாட்டு முறையையோ இருக்கை வரிசையையோ மாற்றாமல் இருப்பது நல்லது. முந்தைய மூன்று ஆண்டுகளின் தீர்மானப் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஒரே விஷயம் நான்கு கூட்டங்களில் ஒத்திவைக்கப்பட்டிருந்தால், சபையின் புண் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். வீடு சந்திப்பை, வாசலில் வந்து அழைக்கும் கமிட்டி அங்கத்தினர்களின் வீடுகளிலிருந்து தொடங்காமல், படுக்கையிலிருக்கும் முதியவர்களிடமிருந்தும் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களிடமிருந்தும் தொடங்குங்கள். புதிய ஆயர் முதலில் யார் வீட்டுக்குப் போனார் என்பதை ஊர் முழுவதும் கவனிக்கிறது.

3. ஆயர் சொல்வதைக் கமிட்டி கேட்க வேண்டுமா, கமிட்டி சொல்வதை ஆயர் கேட்க வேண்டுமா?

இந்தக் கேள்வியை ஆயர்களும் கேட்கிறார்கள், கமிட்டியாரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான பதிலை எதிர்பார்க்கிறார்கள். பொதுவான நடைமுறை இதுதான்: ஆராதனை, உபதேசம், திருவிருந்து, ஞானஸ்நானம் ஆகியவை ஆயரின் பொறுப்பு; சொத்தும் பணமும் கமிட்டியின் கூட்டுப் பொறுப்பு. கமிட்டிக்கு ஆயர் தலைமை வகிப்பது எல்லாரையும் பேசவைத்து ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதற்காகவே. மந்தையை இறுமாப்பாய் ஆளாமல் மாதிரியாக நடக்கும்படி பேதுரு எழுதியது (1 பேதுரு 5) சபையை நடத்தும் மூப்பர்களுக்குத்தான்.

நம் சபைகளின் வரலாறும் இதற்கு ஒத்தாசையாக இருக்கிறது. 1706-இல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்தார். 1733-இல் ஆரோன் இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குருவாக அபிஷேகம் பெற்றார். அதற்குப் பின்னும் வெகுகாலம் குருமார் மிகச் சிலரே. ஒரு குரு பல ஊர்களைச் சுற்றிவந்த அக்காலத்தில், அன்றாடம் சபையைத் தாங்கியவர்கள் குருப்பட்டம் பெறாத உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும் சபைக்கெனப் பிடி அரிசி எடுத்துவைத்த பெண்களும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) செயலராக இருந்த ஹென்றி வென், சபைகள் தம்மைத் தாமே தாங்கி, தாமே நடத்தி, தாமே பரவ வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆயர்கள் மாற்றலாகி வருவார்கள், போவார்கள். சபை அங்கேயே இருக்கும். ஆகவே நீங்கள் எடுக்கும் எந்த முடிவையும், நீங்கள் இல்லாதபோது சபை அதைத் தாங்குமா என்று பார்த்து எடுங்கள். இந்தப் பக்கத்திலுள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவை.

4. கமிட்டிக் கூட்டம் இரவு பதினொரு மணி வரை போகிறது. ஒன்றும் முடிவாவதில்லை. என்ன செய்யலாம்?

பேசவேண்டிய பொருள்களைச் சில நாள்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வரவு செலவைக் கடைசியில் வைக்காதீர்கள். எல்லாரும் களைத்திருக்கும் நேரத்தில் வாசிக்கப்படும் கணக்கில்தான் சந்தேகம் முளைக்கிறது. முடிக்கும் நேரத்தைத் தொடக்கத்திலேயே அறிவித்து, எஞ்சியதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். அதிகம் பேசாதவரிடம் பெயர் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள். எருசலேம் சங்கத்தில் (அப்போஸ்தலர் 15) யாக்கோபு தம் கருத்தைச் சொன்னது பேதுருவும் பவுலும் பர்னபாவும் பேசி முடித்த பின்புதான்.

தீர்மானம் எழுதும் விதத்தில்தான் பல கமிட்டிகள் சறுக்குகின்றன. “ஆலயக் கூரை பழுது பற்றிப் பேசப்பட்டது, ஆவன செய்ய முடிவாயிற்று” என்று எழுதினால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். “தெற்குத் தாழ்வாரத்தில் ஒழுகும் ஓடுகளை மாற்ற இரண்டு கொத்தனார்களிடம் மதிப்பீடு வாங்கிப் பொருளாளர் அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும், செலவு 15,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது” என்று எழுதினால் யார், என்ன, எப்போது, எவ்வளவு என்ற நான்கும் அதில் இருக்கும். நிறைவு ஜெபத்துக்கு முன் எழுதியதை அங்கேயே வாசித்துக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதப்படும் தீர்மானம் அடுத்த கூட்டத்தின் முதல் சண்டையாக வந்து நிற்கும்.

5. காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும் என்றேன். “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று பொருளாளர் கோபித்துக்கொண்டார். நான் சொன்னது தவறா?

தவறில்லை. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப் பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் உடன் வைத்துக்கொண்டு, ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்குக் கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுவதாக எழுதினார் (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே தேவைப்பட்ட பாதுகாப்பு நம் பொருளாளருக்கும் தேவைதான். தனியாக எண்ணும் நேர்மையான மனிதர்மேல் ஒருவர் பழி சொன்னால், அதை மறுக்க அவரிடம் சாட்சி இல்லை. இதை அவரிடம் தனியே, மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆராதனை முடிந்தவுடன், ஆலயத்தை விட்டு வெளியே போகாமல், ஒரே குடும்பத்தைச் சேராத இருவராவது எண்ண வேண்டும். ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். மறுநாளே முழுத் தொகையும் வங்கிக்குப் போக வேண்டும். “பூக்காரருக்கு இதிலிருந்தே கொடுத்துவிடலாம்” என்று பையிலிருந்து எடுக்கக் கூடாது. செலவு எதுவானாலும் வவுச்சரோடு கணக்கிலிருந்து போகட்டும். ஆயர் எண்ணும் இடத்தில் உட்காராமல் இருப்பதே நல்லது. கியூஆர் கோடு வைத்திருந்தால் அது சபையின் வங்கிக் கணக்குக்கு உரியதா என்று பாருங்கள். “இப்போதைக்கு” என்று சொல்லி ஒருவருடைய சொந்த எண்ணை ஒட்டிவைத்திருப்பது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முறையல்ல.

6. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டாதவர்கள் பெயரை ஆலயத்தில் வாசிக்கலாமா?

வாசிக்காதீர்கள். காணிக்கையாக வந்து ஏலம் விடப்படும் வாழைத்தாரையோ சேவலையோ உற்சாகத்தில் அதிக விலைக்குக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போன பின் திண்டாடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் வீட்டில் போய்ப் பேசலாம், தவணை கொடுக்கலாம். ஏலம் கேட்டவர், பொருள், தொகை என்று அன்றே பதிவேட்டில் எழுதிவிட்டால் பின்னால் “நான் அவ்வளவு கேட்கவில்லை” என்ற பேச்சு எழாது. அசனத்துக்கு (சபையாரின் பொது விருந்து) வரும் அரிசி, ஆடு, விறகு ஆகியவற்றையும் பணம் போலவே வரவில் எழுத வேண்டும்.

7. வீட்டு ஜெபத்துக்குப் போனால் கவர் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

திருமண்டலம் சம்பளம் தரும் ஆயர், அன்பாகக் கொடுக்கப்படும் தனிப்பட்ட காணிக்கையை வாங்குவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் “இது எனக்கா, சபைக்கா?” என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். சபைக்கு என்றால் மறுநாளே ரசீது போய்ச் சேர வேண்டும். கவர் கொடுக்கமுடியாத வீட்டுக்கு நீங்கள் எத்தனை முறை போகிறீர்கள் என்பதை உங்கள் நாட்குறிப்பே சொல்லும். அந்த எண்ணிக்கை குறைந்தால், அப்போது கவர் வாங்குவதை நிறுத்தவேண்டிய நேரம் வந்துவிட்டது.

8. சந்தா பல ஆண்டுகள் பாக்கி. அந்த வீட்டில் மரணம். பாக்கி கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று கமிட்டியார் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய?

அடக்கத்தை நடத்துங்கள். பெட்டிக்கு அருகில் நின்று பாக்கி கேட்கும் சபை அந்தத் தெரு முழுவதற்கும் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும் சாட்சி என்ன என்று எண்ணிப் பாருங்கள். பாக்கி வைத்தவர் இறந்தவராகவே இருந்தாலும், அதைச் சுமக்கப்போவது அழுதுகொண்டிருக்கும் மனைவியும் பிள்ளைகளும். விதியைக் காட்டி வற்புறுத்தினால், அதை நிறைவேற்றும் நேரம் இதுவல்ல என்று தலைவராக நீங்கள் உறுதியாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

இந்த நெருக்கடி வராமல் தடுக்க வழி உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பாக்கி உள்ள வீடுகளுக்குப் போய்ப் பேசி, உண்மையில் இயலாதவர்களுக்குக் கமிட்டித் தீர்மானத்தோடு தள்ளுபடி கொடுத்துவிடுங்கள். வசதியிருந்தும் கட்டாதவர்களிடம் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பேசிக்கொள்ளலாம்.

9. எப்போதும் குறை சொல்லும் ஒருவர் இருக்கிறார். பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சுட்டிக்காட்டலாமா?

கூடாது. பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். அவரால் எழுந்து பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல இயலாதவரைத் தாக்குவதற்கு அந்தப் பீடம் உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. மத்தேயு 18-இல் உள்ள வரிசை தெளிவானது: முதலில் தனித்து, பின்பு இரண்டொருவரோடு, அதற்குப் பின்பே சபை. நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள், ஆயர் வீடான குருமனைக்கு அழைக்காதீர்கள். அவர் பேசுவதை முழுவதும் கேட்டு, “நீங்கள் சொல்வதில் இது சரி” என்று சொல்லக்கூடியதை முதலில் சொல்லுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் பொறுப்பிலிருந்து காரணம் சொல்லாமல் நீக்கப்பட்ட வலியே குறைகளாக வெளிவருவதைப் பல சேகரங்களில் பார்த்திருக்கிறேன்.

மொட்டைக் கடிதம் வந்தால் அதை வைத்து யார்மேலும் நடவடிக்கை எடுக்காதீர்கள். சாட்சியில்லாமல் மூப்பன்மேல் பிராது ஏற்கக்கூடாது என்பது 1 தீமோத்தேயு 5. ஆனால் கடிதத்தில் பணத்தைப் பற்றியோ குழந்தைகளைப் பற்றியோ சரிபார்க்கக்கூடிய செய்தி இருந்தால், எழுதியவர் யார் என்று தேடுவதை விட்டுவிட்டுச் செய்தியைச் சரிபாருங்கள்.

10. கமிட்டித் தேர்தல் வந்தால் சபை இரண்டாக உடைகிறது. ஆயர் எந்தப் பக்கம் நிற்பது?

எந்தப் பக்கமும் நிற்கக் கூடாது. நிற்பதாகத் தோன்றவும் கூடாது. வேட்பாளர் எவருடைய வாகனத்திலும் அந்த மாதங்களில் ஏறாதீர்கள். வாக்காளர் பட்டியலை விதியில் சொன்ன காலத்துக்கு முன்பே ஆலயச் சுவரில் ஒட்டி, திருத்தம் கேட்க அவகாசம் கொடுங்கள். சந்தா பாக்கி, திருவிருந்து எடுத்த விவரம் முதலான தகுதி விதிகளை ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லாருக்கும் தளர்த்த வேண்டும். திருமண்டலத் தேர்தல்கள் நீதிமன்றப் படியேறுவது தமிழ்நாட்டில் எல்லாரும் அறிந்த வேதனை. அவ்வழக்குகளில் பல, பட்டியலில் தொடங்குகின்றன.

முடிவு வந்த வாரத்தில் தோற்றவர்களின் வீடுகளுக்குப் போங்கள். அவர்களில் திறமையானவர்களுக்குக் கட்டடப் பணியிலோ ஓய்வுநாள் பள்ளியிலோ பொறுப்பு கொடுக்கும்படி புதிய கமிட்டியிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

11. எங்கள் சபையில் சாதி பார்ப்பதில்லை ஐயா. தேர்தலின்போது மட்டும் கொஞ்சம் பேசுவார்கள். அதை விட்டுவிடலாமா?

தேர்தலின்போது மட்டும் என்றால், மற்ற நாள்களில் அது பேசாமல் இருக்கிறது என்பதே பொருள். இந்தக் கேள்விக்கு மென்மையாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றிலும் கைவிடப்பட வேண்டும் என்று தென்னிந்திய மிஷன்களுக்கு எழுதினார். அதைப் பொறுக்காமல் பலர் விலகிப்போனார்கள். அன்று திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முன்பு, யார் பின்பு என்பதும், ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது என்பதும் வழக்காக இருந்தன. இன்று அந்த வரிசை இல்லாத ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதி, வேட்பாளர் பட்டியலில் தனிக் கணக்கு, திருமணப் பேச்சில் தனி வட்டம் என்று அது தங்கியிருக்கிறது.

ஆயர் செய்யக்கூடியது நிறைய உண்டு. எல்லாத் தெருக்களிலும் சாப்பிடுங்கள். அழைப்பு வராத தெருவில் நீங்களே கேட்டுச் சாப்பிடுங்கள். வேதபாடம் வாசிப்பவர், காணிக்கை எடுப்பவர், பாடகர் குழு, திருவிருந்தில் துணைநிற்பவர் ஆகியோரின் பெயர்களை ஓர் ஆண்டுக்கு எழுதிவைத்துப் பாருங்கள். எந்தத் தெரு விடுபட்டிருக்கிறது என்பது அதில் தெரியும். அசனப் பந்தியில் சமையல் ஒரு தெருவாரிடமும் எச்சில் இலை எடுப்பது இன்னொரு தெருவாரிடமும் இருந்தால் இந்த ஆண்டே மாற்றுங்கள். முதல் இலையை நீங்கள் எடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் அடுத்த குழி வரிசைப்படிதான் என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். “நம்மவருக்கு வாக்களியுங்கள்” என்று உங்களிடமே ஒருவர் வந்து சொன்னால், சிரித்து மழுப்பாமல், அது பாவம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். எதிர்ப்பு வரும். மாற்றல் கேட்டு மனு போகும். போகட்டும்.

12. பெண்களுக்கும் வாலிபருக்கும் பொறுப்பு கொடுக்கச் சொல்கிறீர்கள். கொடுத்தால் அரைகுறையாகச் செய்கிறார்கள். நாமே செய்வது மேல் அல்லவா?

ஒருமுறைக்கு அது மேல்தான். பத்து ஆண்டுகளுக்குப் பார்த்தால் அல்ல. காலைமுதல் மாலைமட்டும் வழக்குக் கேட்ட மோசேயிடம், நீரும் உம்மோடிருக்கும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று அவர் மாமன் எத்திரோ சொன்னார் (யாத்திராகமம் 18). காத்துக்கிடக்கும் மக்களும் தொய்ந்துபோவார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆன வி. எஸ். அசரியா, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களையே தங்கள் தலையில் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லவைத்தார். எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்தாரை நம்பி அவர் ஊழியத்தை ஒப்படைத்தார். 2013-இல் நந்தியாலில் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் பொறுப்பேற்றுவிட்ட பிறகும், கமிட்டியில் ஒரே ஒரு பெண்ணை உட்காரவைத்து அவரிடம் தேநீர் ஏற்பாட்டை மட்டும் கொடுப்பது நியாயமல்ல.

பொறுப்பு கொடுக்கும்போது வேலையோடு அதிகாரத்தையும் செலவுத் தொகையையும் சேர்த்துக் கொடுங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியை வாலிபர் சங்கத்திடம் விட்டால், ஒவ்வொரு பலூனுக்கும் உங்களிடம் அனுமதி கேட்கும்படி வைக்காதீர்கள். முதல் ஆண்டில் உடன் நில்லுங்கள். இரண்டாம் ஆண்டில் கேட்டால் மட்டும் போங்கள்.

13. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்மேல் ஒரு குழந்தையின் தாய் புகார் சொல்கிறார். சபையின் பெயர் கெடாமல் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்க்கலாமா?

கூடாது. குழந்தைமேல் பாலியல் குற்றம் நடந்தது என்று அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கட்டளை. தெரிவிக்காமல் விடுவதே தனிக் குற்றம். தம் கீழ் இருப்பவர்மேல் வந்த புகாரை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். பேராயர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது அவசியம். அது காவல்துறைக்குத் தெரிவித்ததற்கு ஈடாகாது.

குழந்தையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். கமிட்டி முன் நிறுத்தாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரோடு நேருக்கு நேர் வைக்கவே கூடாது. குழந்தையின் பெயரும் குடும்பமும் எந்த வகையிலும் வெளியே தெரியக்கூடாது, ஜெபக்குறிப்பாகக்கூட வரக்கூடாது. விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியரைக் குழந்தைகள் இருக்கும் எல்லாப் பணிகளிலிருந்தும் விலக்கிவையுங்கள். “மன்னித்துவிடுங்கள் அம்மா, நாம் கிறிஸ்தவர்கள்” என்று அந்தத் தாயிடம் சொல்லும் பெரியவர்கள் வருவார்கள். மன்னிப்பு, காயப்பட்டவரிடமிருந்து அவருடைய காலத்தில் வருவது. அதைச் சட்டத்துக்கு எதிரான கேடயமாக மாற்றுவது அந்தக் குழந்தைக்கு இரண்டாம் முறை இழைக்கும் கொடுமை. சபையின் பெயரைக் கெடுப்பது அந்தப் புகார் அல்ல, அதை மூடிமறைப்பதே. இனி எந்த வகுப்பிலும் பெரியவர் இருவர் இருக்கவேண்டும், வகுப்பறைக் கதவு திறந்திருக்கவேண்டும் என்ற ஒழுங்கை இன்றே எழுதி ஒட்டுங்கள்.

14. நம்பிச் சொன்ன இரகசியத்தை எவ்வளவு தூரம் காக்க வேண்டும்?

மேலே 13-இல் சொன்னது போன்ற குற்றமும், உயிருக்கு ஆபத்தும் தவிர மற்ற எல்லாவற்றையும் முழுமையாகக் காக்க வேண்டும்; உங்கள் துணைவியாரிடம்கூடச் சொல்லக் கூடாது. அந்த விதிவிலக்குகளை, ஒருவர் மனந்திறந்து பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நேர்மை. இரகசியம் பெரும்பாலும் ஆயரின் வாயிலிருந்து கசிவதைவிட, “இந்தக் குடும்பத்துக்காக விசேஷமாக ஜெபியுங்கள்” என்று சபையின் வாட்ஸ்அப் குழுவில் இடப்படும் குறிப்பிலிருந்தே கசிகிறது. சம்பந்தப்பட்டவர் இசைவு தராமல் எவருடைய நோயையும் குடும்பப் பிரச்சினையையும் அங்கே எழுதக்கூடாது என்று குழுவில் சொல்லிவையுங்கள்.

15. பெண்ணுக்குப் பதினெட்டு நிறைய இரண்டு மாதம்தான் இருக்கிறது. கமிட்டிச் செயலரின் வீட்டுத் திருமணம். நடத்திவைக்கலாமா?

நடத்தாதீர்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாத திருமணத்தை நடத்திவைப்பவருக்கே 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிறப்புச் சான்றைப் பார்க்காமல் ஓலை (ஆலயத்தில் வாசிக்கப்படும் திருமண அறிவிப்பு) வாசிக்கமாட்டேன் என்று எல்லாருக்கும் ஒரே விதி வைத்திருந்தால், செயலர் வீட்டிலும் அதைச் சொல்வது எளிது.

16. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். ஆலயக் கட்டடத்துக்குப் பணம் அனுப்பினால் வாங்கலாமா?

அனுப்புபவர் இன்னும் இந்தியக் குடிமகனா என்று பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், நம் ஊரில் பிறந்து, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையே. அதை 2010-ஆம் ஆண்டின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில் மட்டுமே பெறலாம். சேகரத்தின் சாதாரணக் கணக்கிலோ பொருளாளரின் கணக்கிலோ வாங்கிவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

17. எங்களுடையது சுயாதீன சபை. திருமண்டலம், மாற்றல் எதுவும் இல்லை. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் உங்களுக்கு மேலே கேட்பார் இல்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். போதகரின் பெயரில் இருந்தால், அவர் மறைவுக்குப் பின் சட்டப்படி அது அவருடைய வாரிசுகளுக்கே போகும். சபையாரின் காணிக்கையில் வாங்கியது என்று வாயால் சொல்வது உதவாது. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவுசெய்து, பொறுப்பாளர்களில் பாதிப்பேருக்கு மேல் போதகரின் குடும்பத்தைச் சேராதவர்களாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். போதகரின் சம்பளத்தைச் சபை தீர்மானிக்கட்டும். காணிக்கை முழுவதும் போதகருக்கே என்ற ஏற்பாட்டில் 5-இல் சொன்ன பாதுகாப்பு யாருக்கும் இல்லை. திருமணங்களை நடத்த 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உரிமம் தேவை என்பதையும் மறக்கவேண்டாம்.

போதகருக்குப் பின் மகனே போதகராகலாமா என்றும் கேட்கிறார்கள். அழைப்பும் தகுதியும் இருந்தால் ஆகலாம். ஆனால் அதைச் சபை ஆராய்ந்து சொல்லவேண்டும். தந்தை ஒருவரே அறிவிக்கக் கூடாது.

18. ஓய்வே இல்லை. ஜெபித்தும் பெலன் வரவில்லை. ஊழியத்தையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

முதலில் தூங்குங்கள். சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிய எலியாவுக்குத் தேவன் செய்தது, இரண்டு முறை தூங்கவிட்டு இரண்டு முறை சாப்பாடு கொடுத்ததுதான். பேச்சு அதற்குப் பின்பே நடந்தது (1 இராஜாக்கள் 19). வாரத்தில் ஒரு நாளை, பெரும்பாலும் திங்களை, ஓய்வுக்கென ஒதுக்கி, அன்று அவசர அழைப்புகளைச் சபை ஊழியர் ஏற்பார் என்று கமிட்டித் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் குருமனையில் வளர்கிறார்கள். அவர்களுக்கு அப்பா தேவை. தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.

கமிட்டியாருக்கும் ஒரு சொல்: ஆயரின் முகம் வாடியிருப்பதைப் பார்த்தும் இன்னொரு விசேஷக் கூட்டத்துக்குத் தேதி கேட்காதீர்கள்.

19. மாற்றல் வந்துவிட்டது. கட்டட வேலை பாதியில் நிற்கிறது. முடித்துவிட்டுப் போகிறேன் என்று கேட்கலாமா?

கேட்காமல் இருப்பதே மேல். 3-இல் சொன்னபடி சபை நடந்துவந்திருந்தால், வேலை உங்களோடு நின்றுவிடாது. 2-இல் நீங்கள் வாங்கிய பட்டியலைப் போலவே ஒன்றை எழுதிக் கொடுங்கள்: ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது, கொடுக்கவேண்டியது, வாக்குக் கொடுத்துக் கட்டாதவர்கள், கையிருப்பு. இவற்றோடு, எழுத்தில் வைக்க முடியாத சிலவற்றை நேரில் சொல்லுங்கள்: எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எந்தக் குடும்பத்தில் மனத்தாங்கல் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கிறது என்பவை. யார் நல்லவர், யார் பொல்லாதவர் என்ற உங்கள் தீர்ப்பைச் சொல்லவேண்டாம். வருகிறவர் தாமே பார்த்துக்கொள்ளட்டும்.

போன பின்பு பழைய சேகரத்தாரின் திருமணங்களுக்கும் அடக்கங்களுக்கும் புதிய ஆயர் அழைத்தால் மட்டும் போங்கள். அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் இருந்தபோது இப்படியெல்லாம் இல்லை ஐயா” என்று தொடங்கினால், அவரிடம் இதை உங்கள் ஆயரிடமே பேசுங்கள் என்று சொல்லி, உடல்நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுங்கள்.